வெயில் அடிச்சா ‘சேஃப்’னு அர்த்தமா? குல்மர்க் பனிச்சறுக்கும் பனிச்சரிவு ஆபத்தும்

ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி நின்றுவிட்டது. காலையில் பளிச்சென்று நீல வானம், முழங்கால் வரை புதுப் பனி. பனிச்சறுக்கு வீரர்கள் வருடம் முழுக்கக் காத்திருப்பது இப்படி ஒரு காலைக்காகத்தான். ஆனால், பனிச்சரிவு நிபுணர்கள் அதிகம் பயப்படுவதும் இதே காலையைப் பார்த்துத்தான்.

என்ன நடக்கிறது குல்மர்க்கில்?

காஷ்மீரின் குல்மர்க் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா ரோப் கார் உங்களை அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். கண்காணிக்கப்படும் பாதையைத் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத சரிவுகளில் இறங்குவதுதான் ‘பேக்கன்ட்ரி’ பனிச்சறுக்கு.

2023 பிப்ரவரி 1-ம் தேதி அஃபர்வத்தில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்தைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 22-ம் தேதி ரஷ்யர் ஒருவர். அதே வாரத்தில்தான் குல்மர்க்கில் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளும் நடந்துகொண்டிருந்தன.

பனி ஏன் சரிகிறது?

ஒரு தட்டில் சர்க்கரையைப் பரப்பி, அதன்மேல் ஒரு பலகையை வைத்து, தட்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பலகை வழுக்கும். மலையிலும் இதே கதைதான். குளிர்காலத் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி, கடுங்குளிர் இரவுகளில் ஒட்டாத சர்க்கரை மணிகள் போல மாறிவிடுகிறது. அதன்மேல் புதுப் பனி கனமான பலகையாகப் படிகிறது. பனியே பெய்யாத நாளிலும், காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கம் குவித்து இதே வேலையைச் செய்யும்.

பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் இது நடக்கிறது. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வே 30 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். பனிச்சறுக்குக்கு ‘செம’ என்று தோன்றும் சரிவும் இதேதான்.

அப்போ இயற்கைதான் காரணமா?

முழுக்க இல்லை. பொழுதுபோக்காகப் பனிமலைக்குப் போகிறவர்கள் சிக்கி இறக்கும் பனிச்சரிவுகளில் சுமார் 90 சதவீதம், அவர்களோ உடன் வந்தவர்களோ கிளப்பிவிட்டவை. அந்த ‘பலகை’ உடைய ஒரு ஆளின் எடை போதும். ‘எனக்கு முன்னாடி நாலு பேர் போனாங்களே’ என்பது உத்தரவாதமே கிடையாது. ஐந்தாவது ஆளுக்கும் உடையலாம்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆபத்தை 5 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 3 என்றால் ‘சுமார்தான்’ என்று தோன்றும். ஆனால், சுவிட்சர்லாந்தில் உயிரிழப்புகளில் பெரும்பங்கு 3-ம் நிலை நாட்களில்தான். 4, 5 என்றால் பலரும் வெளியே கிளம்புவதே இல்லை.

சிக்கினால்?

முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால், புதைந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்க வாய்ப்புண்டு. அரை மணி நேரம் ஆனால், அது மூன்றில் ஒருவராகக் குறைகிறது. அதாவது, மீட்புப் படை வரும் வரை காத்திருக்க நேரமில்லை. காப்பாற்றப் போவது பக்கத்தில் இருக்கும் நண்பர்தான். அதற்கு ஒவ்வொருவரிடமும் மூன்று பொருட்கள் வேண்டும்: சிக்னல் அனுப்பும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி, தோண்டும் ஷவல். மூன்றையும் பயன்படுத்திப் பழகியும் இருக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

டி.ஆர்.டி.ஓ-வின் கீழ் இயங்கும் டி.ஜி.ஆர்.இ அமைப்பு பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. மக்களை வந்தடையும்போது அது பெரும்பாலும், ‘இந்த மாவட்டத்தில், இத்தனை மீட்டருக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்துக்கு’ என்ற அளவில்தான் இருக்கிறது. கிராம மக்களை உஷார்படுத்த அது அவசியம். ஆனால், பனிச்சறுக்கு வீரருக்குத் தேவை வேறு தகவல்: இன்று எந்தத் திசைச் சரிவு மோசம், காற்று எங்கே பனியைக் குவித்திருக்கிறது?

அந்தத் தகவல் கோண்டோலா டிக்கெட் கவுன்டரிலேயே, தினமும், பெரிய எழுத்தில் கண்ணில் பட வேண்டும். மூன்று கருவிகளும் இல்லாதவர்களை எல்லை தாண்ட விடக் கூடாது. சுற்றுலாவை வளர்க்க நினைக்கும் அரசுக்கு இது பெரிய செலவில்லை.

நமக்கும் பொறுப்பு இருக்கிறது. ரோப் கார் நம்மை மேலே ஏற்றிவிடும், அவ்வளவுதான். அந்த டிக்கெட் பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. புதுப் பனி விழுந்த அடுத்த ஒன்றிரண்டு நாட்கள் செங்குத்துச் சரிவுகளை விட்டுவிடுங்கள். ரீல்ஸ் நாளைக்கும் எடுக்கலாம்!