கணக்கு மட்டும்தான் வரவில்லையா?

எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் கணக்கில் பெயிலாகிவிட்டால் நமது வீடுகளில் உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: "இவனுக்குப் படிப்பு ஏறாது, வேலைக்கு அனுப்பு." கையில் நாலு காசு இருந்தால் கணக்குக்கு மட்டும் டியூஷன் வைக்கிறோம். இரண்டுமே அவசர முடிவுகள்.

தோழர்களே! ஸ்பின்னிங்கில் இழை ஓயாமல் அறுந்தால், கார்டிங்கில் பஞ்சு சரியாகச் சிக்கெடுத்து வந்ததா என்று பார்க்கிறோம். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் தலைமடைக்குப் போய்ப் பார்க்கிறோம். பிள்ளையின் படிப்பில் மட்டும் ஏன் அப்படிப் பார்ப்பதில்லை?

கடையில் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கும் பிள்ளை பரீட்சைத் தாளில் தடுமாறுகிறதா? அறிவியலிலும் சமூக அறிவியலிலும் கூட மார்க் சேர்ந்தாற்போல் இறங்குகிறதா? நோட்டை ஒளிக்கிறதா? பரீட்சை நாளன்று மட்டும் வயிற்றுவலி வருகிறதா? அப்படியானால் கோளாறு ஒரு பாடத்தோடு நிற்கவில்லை. கணக்கு டியூஷன் மட்டும் அதைத் தீர்க்காது.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் சோதிக்கலாம். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தெழுத்தாகத் திணறினால் வாசிப்பே பலவீனம். கேள்வியே புரியாதவன் விடை எழுதுவது எப்படி? கரும்பலகை தெரிகிறதா, ராத்திரித் தூக்கம் போதுகிறதா என்றும் கேளுங்கள்.

வாத்தியாரிடம் போக நாம் கூச வேண்டியதில்லை. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கான 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் அறிந்து, தேவையான கூடுதல் போதனை தருவது ஆசிரியரின் கடமை என்கிறது. ஆசிரியர் தனி டியூஷன் நடத்துவதை அதே சட்டம் தடுக்கிறது. வாசிப்பதில், எழுதுவதில் தீராத தடங்கலை உண்டாக்கும் கற்றல் குறைபாட்டை 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறி என்று அடிப்பது அநியாயம்.

ஒருவர் போய்க் கேட்டால், "பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே சேர்ந்து கேளுங்கள். கூட்டம் நமது ஷிப்டு நேரத்திலோ நடவு நேரத்திலோ வந்தால், மாலையில் வைக்கச் சொல்லுங்கள். கூலியை இழந்துதான் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என்ன நியாயம்?