நாற்றும் கதிரும்

வேல்சு நாட்டில் 1985-இல் ஒரு தொகுப்பு இசைத்தட்டு வெளிவந்தது. 'இருளினின்று ஓர் அடி' என்பது அதன் பெயர்ப்பொருள். அன்கிரெவ்ன் இசைக்குழுவினர் தாமே நிறுவனம் கண்டு, பெயர்பெறாத இளைஞர் குழுக்களின் வேல்சுமொழிப் பாடல்களை ஒரே தட்டில் தொகுத்தனர். தனித்தட்டு வெளியிடப் பொருள்வலியற்றோர்க்கு அது பொதுக்களமாயிற்று.

அதிற் பாடிய 'அ கிர்வ்' குழுவின் மார்க்கு இராபர்ட்சு, 1992-இல் கெரிசு மாத்தியூசுடன் கேட்டடோனியா குழுவைத் தொடங்கினார். பிரித்தானியா எங்கும் அது புகழ்பெற்றது. ஆனால், பெரும்பாலும் ஆங்கிலத்திற் பாடியே! நாற்று வளர்த்தது தாய்மொழி. கதிர் அறுத்தது அயன்மொழி.

அன்பர்களே! இளையோரின் தாய்மொழி இசைத்தட்டைக் கைதட்டிப் பாராட்டினாற் போதாது. காசு கொடுத்து வாங்குங்கள். வாங்குவார் அற்ற மொழியில் பாடுவார் எத்துணை நாள் நிலைப்பார்?