பரம்பரை பெருமைக்கா, உரிமைக்கா? வேர்ஜீனியாவின் ஒரு வீட்டுப் பதிவு



எங்கட ஊரில் கல்யாணப் பேச்சு தொடங்கினால் போதும், "என்ன பரம்பரை?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். பரம்பரையைத் தெரிந்துகொள்வது பிழையான காரியமல்ல. உறவைச் சேர்ந்து நடப்பதற்காக வம்சத்தை அறிந்து வைத்துக்கொள்ளும்படி மார்க்கமே சொல்லித் தந்திருக்கிறது. ஆனால் ஆளை உயர்த்தவும் தாழ்த்தவும் அதை எடுத்தால் எதில் போய் முடியும்? அமெரிக்காவின் ஆரம்பகாலக் குடியேற்ற வீடுகளின் வம்ச வரலாறு அதற்குப் பதில் சொல்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1607 இல் ஆங்கிலேயர்கள் வேர்ஜீனியாவில் குடியேறினார்கள். 1619 ஆகஸ்டில் அங்கே பொயின்ற் கம்ஃபர்ட் என்ற கரைக்கு ஒரு கப்பல் வந்தது. அதில் இருபதுக்குச் சற்று அதிகமான ஆபிரிக்கர்கள். அங்கோலாவில் பிடிக்கப்பட்டு, போர்த்துக்கேயரின் அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டு, நடுக்கடலில் ஆங்கிலக் கொள்ளைக் கப்பலால் பறிக்கப்பட்டவர்கள். கரையில் உணவுப் பொருளுக்கு மாற்றாக அவர்களைக் கைமாற்றினார்கள்.

1625 இன் தொடக்கத்தில் அந்தக் குடியேற்றத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. அதில் கெப்டன் வில்லியம் டக்கர் என்பவரின் வீடும் வருகிறது. டக்கர், மனைவி மேரி, மகள் எலிசபெத், பிறகு வேலையாட்கள். ஆங்கிலேயர்களுக்கு வயது, வந்த கப்பல், வந்த வருடம் என்று எழுதியிருக்கிறார்கள். அதே வீட்டில் அன்டனி, இசபெல் என்ற ஆபிரிக்கத் தம்பதியும், வில்லியம் என்ற அவர்களுடைய பிள்ளையும் இருந்தார்கள். அவர்களுக்கு வயதும் இல்லை, கப்பலும் இல்லை. கறுப்பர் என்ற குறிப்பும், பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது என்ற செய்தியும் மட்டும்தான்.

ஒரே கூரை, ஒரே தாள். ஆனால் ஒரு சாராருக்கு வரலாறு இருக்கிறது, மற்றவர்களுக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயரும் அவர்களின் உம்மா வாப்பா வைத்ததாக இருக்காது. போர்த்துக்கேயரும் ஆங்கிலேயரும் கூப்பிட்ட பெயர். இன்று ஹாம்ப்டன் நகரில் டக்கர் என்ற பெயரோடு வாழும் கறுப்பினக் குடும்பம் ஒன்று, அந்தப் பிள்ளை வில்லியமே தங்கள் மூதாதை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறது. கையில் கடதாசி இல்லை. எழுதும் உரிமை யாருக்கு இருந்ததோ அவர்களுடைய வம்சம்தான் கடதாசியில் நிலைக்கிறது.

இனி இரண்டாவது குடும்பம். தோமஸ் கீ என்பவர் ஆங்கிலேயத் தோட்டக்காரர், வேர்ஜீனியா சட்டசபையில் உறுப்பினராகவும் இருந்தவர். ஓர் ஆபிரிக்கப் பெண்ணின் மூலம் அவருக்கு 1630 அளவில் எலிசபெத் என்ற மகள் பிறந்தாள். 1636 இல் அவளை ஒன்பது வருட ஒப்பந்தத்தில் வேறொருவரின் பொறுப்பில் விட்டார். வருடம் முடிந்தும் விடுதலை கிடைக்கவில்லை. கைமாறிப் போன எலிசபெத்தை, கடைசி எஜமான் 1655 இல் இறந்தபோது, அவருடைய சொத்துக் கணக்கில் அடிமையாகச் சேர்த்தார்கள்.

எலிசபெத் வழக்குப் போட்டார். "என் வாப்பா சுதந்திரமான ஆங்கிலேயர். இங்கிலாந்துச் சட்டப்படி பிள்ளையின் நிலை தகப்பன் வழியில்தான். நான் ஞானஸ்நானம் பெற்றவள். என் ஒப்பந்தக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது." இதுதான் வாதத்தின் சாரம். ஒரு நீதிமன்றம் ஏற்றது, மேல் நீதிமன்றம் மறுத்தது, சட்டசபை வரை போய் 1656 இல் விடுதலை பெற்றார். தகப்பன் யார் என்பதை நிரூபித்ததால் ஒரு பெண்ணுக்கும் அவருடைய பிள்ளைக்கும் சுதந்திரம் கிடைத்தது.

ஆறு வருடம்தான். 1662 டிசம்பரில் அதே சட்டசபை புதுச் சட்டம் கொண்டுவந்தது: ஆங்கிலேயருக்குக் கறுப்பினப் பெண்ணிடம் பிறக்கும் பிள்ளை, தாயின் நிலையையே அடையும். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. 1667 இல், ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்று மற்றக் கதவையும் மூடினார்கள். எலிசபெத் வெளியே வந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டார்கள். அதன் பிறகு எஜமான் தன் சொந்தப் பிள்ளையையே சொத்தாக வைத்திருக்கலாம், விற்கலாம்.

தாய்வழி என்பதில் குற்றமில்லை. எங்கட கிழக்கில் தாய்வழிக் குடி என்பது கௌரவம். வேர்ஜீனியாவில் அதே தாய்வழியை விலங்காக்கினார்கள். வழி எது என்பதல்ல பிரச்சினை, யாருடைய இலாபத்துக்காக அந்த வழி தீர்மானிக்கப்படுகிறது என்பதுதான்.

பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழையுங்கள் என்று சூரா அஹ்ஸாப் கட்டளையிடுகிறது. ஃபிக்ஹில், அடிமைப் பெண்ணிடம் எஜமானுக்குப் பிறந்ததாக உறுதியான பிள்ளை சுதந்திரமான பிள்ளை, தந்தையின் வம்சத்தைச் சேர்ந்தது. அதற்காக எங்கட பக்கம் சுத்தம் என்று மார்தட்டவும் முடியாது. முஸ்லிம் ஆட்சியாளர்களும் வியாபாரிகளும் பல நூற்றாண்டுகள் அடிமை வியாபாரம் செய்தார்கள் என்பதும் வரலாறுதான். சட்டம் கையில் இருந்தும் மனிதன் அநியாயம் செய்வான்.

என் கருத்து இதுதான். நஸப் என்பது பெருமைக்குரிய பட்டம் அல்ல, அது ஒரு ஹக். பிள்ளைக்குப் பெயர், வாரிசுரிமை, சுதந்திரம் எல்லாம் அதன் வழியாக வருகின்றன. அதை மறைப்பதும் திரிப்பதும் ஒருவருடைய உரிமையைப் பறிப்பதுதான். பெருமை பேசுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கட்டும்: எங்கள் நபி (ஸல்) அவர்களின் வம்சம் இஸ்மாயீல் (அலை) அவர்களிடம் போய்ச் சேர்கிறது. அவர்களின் தாயார் ஹாஜரா (அலை) பணிப்பெண்ணாக இருந்தவர்கள்.

எலிசபெத் கீயின் தகப்பனுடைய பெயரும் பதவியும் எங்களுக்குத் தெரியும். அவளைச் சுமந்து பெற்ற உம்மாவின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பெரியவர்கள் இருக்கும்போதே உங்கள் குடும்பத்து வம்சத்தை எழுதி வையுங்கள். வாப்பாமாரின் பெயரோடு நிறுத்தாமல் உம்மம்மா, அவருடைய உம்மா என்று பெண்களின் பெயரையும் எழுதுங்கள். வீட்டோடு இருந்து உழைத்து மௌத்தானவர்களின் பெயரும் அந்தக் கொப்பியில் இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் கேட்டால் பல பிள்ளைகளுக்கு உம்மம்மாவின் முழுப் பெயர் தெரியாது. இந்த லீவில் அதையாவது சொல்லிக் கொடுப்போம்.