மிச்சமான உரிமத் தொகை எங்கே போகிறது?

லினக்ஸ் போன்ற திறமூல இயங்குதளம் வணிகத்துக்குத் தாங்குமா என்று இன்னமும் சந்தேகிப்பவர்கள் லண்டன் பங்குச் சந்தையைப் பார்க்கட்டும். மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்ட அதன் வர்த்தக மென்பொருளில் வேகம் போதவில்லை, செலவும் கட்டுப்படியாகவில்லை. 2009-இல் அந்தச் சந்தை இலங்கையின் மில்லேனியம் ஐ.டி. நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. 2011 பிப்ரவரியில், அந்நிறுவனம் உருவாக்கிய, லினக்ஸில் இயங்கும் மென்பொருளுக்கு லண்டன் பங்கு வர்த்தகம் மாறியது. ஒரு நொடி தாமதமும் நஷ்டமாகும் தொழில் அது.

ஆகவே, தாங்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழுது வந்தால் யார் பொறுப்பு என்பதுதான் இன்று கேட்கவேண்டிய கேள்வி. லினக்ஸ் வழங்கும் ரெட் ஹாட் நிறுவனம் அந்தப் பொறுப்பையே தொழிலாக்கியது. மென்பொருளுக்கு அல்ல, பராமரிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கும் சந்தா வாங்கியது. அந்த நிறுவனத்தை 2019-இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

மேசைக் கணினியின் கதை வேறு. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அரசியல் ஒரு காரணம். வெளியிலிருந்து வந்த கோப்புகள் சரியாகத் திறக்கவில்லை, துறைகளுக்குத் தேவையான மென்பொருள்கள் ஓடவில்லை என்ற ஊழியர்களின் புகாரும் பொய்யல்ல. நம் ஊர்க் கடைக்காரருக்கும் இதே சிக்கல்தான். அவர் கணக்கு எழுதும் டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஆடிட்டர் கேட்பதும் டேலி கோப்பைத்தான். அவரை லினக்ஸுக்கு மாறச் சொல்வதற்கு முன், அதில் ஓடும் நம்பகமான கணக்கு மென்பொருளையும், கூப்பிட்டால் வந்து நிற்கும் ஆளையும் காட்ட வேண்டும்.

‘காசில்லாமல் கிடைக்கிறது’ என்று மட்டும் சொல்லி லினக்ஸைப் பரப்புவது அதற்கே செய்யும் கேடு. 2024 மார்ச்சில், பல லினக்ஸ் வெளியீடுகளில் இடம்பெறும் எக்ஸ்.இசட். என்ற சிறு மென்பொருளில் யாரோ திருட்டுவழி ஒன்றைப் புகுத்தியது அம்பலமானது. அதை நெடுங்காலம் ஊதியமின்றிக் கட்டிக்காத்தவர் ஒரே ஒரு தன்னார்வலர். அவரது களைப்பைப் பயன்படுத்தித்தான் நல்லவர் வேடத்தில் ஆள் நுழைந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது சற்றே மெதுவானதைக் கவனித்த பொறியாளர் ஒருவரால் பேராபத்து விலகியது. உலகமே நம்பியிருக்கும் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு லாபம் பார்ப்பது அநியாயம்.

லினக்ஸுக்கு மாறும் நிறுவனங்களும் அரசுத் துறைகளும், மிச்சமாகும் உரிமத் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென முதல் ஆண்டிலேயே ஒதுக்க வேண்டும். தாங்கள் செய்த திருத்தங்களை மூலத் திட்டத்துக்கே திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இவ்விரண்டையும் நிபந்தனையாக எழுதுங்கள்.