கன்று நடுவதற்கு முன்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும்: புதிய ஆலையின் சுற்றுச்சுவரை ஒட்டி, குச்சியில் கட்டிய இடுப்பளவுக் கன்றுகள். அதே மனையில் நேற்றுவரை நின்ற வேம்பையும் புளியையும் பொக்லைன் ஒரே காலையில் சாய்த்திருக்கும். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். வேலை வந்தது, அதை வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் வாகன நிறுத்துமிடத்தையும் உணவுக்கூடத்தையும் பத்தடி தள்ளிப் போட்டால் பிழைக்கும் மரங்களைக் கேட்பாரில்லை. வரைபடம் முடிந்த பிறகு மரத்தைப் பார்ப்பதுதான் கோளாறு. நிலத்தை அளக்கும்போதே ஒவ்வொரு மரத்தையும் குறிக்க வேண்டும்.

வெட்டாமல் விட்டால் மட்டும் போதாது. உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான், கிளைகளின் நிழலையும் தாண்டிப் படர்கின்றன. அங்கே ஜல்லி கொட்டி, லாரி ஏற்றி, சிமென்ட் தண்ணீர் ஊற்றினால் மரம் சில ஆண்டுகளில் நின்றபடியே பட்டுப்போகும். கிளை விரிவைச் சுற்றி ஒரு தகர வேலி போதும். கட்டடச் செலவில் அது தூசு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. அந்த மரியாதை வேம்புக்கும் புளிக்கும் கிடைக்கட்டும். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்பது கணக்குக்குச் சரி; சித்திரை வெயிலில் காவலாளி ஒதுங்க, கன்றுக்கு நிழல் ஏது?