உடன்படிக்கைப் படங்கள் சொல்லாத சேதி

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் தென்கோடியில் டூப்ளேயின் சிலை நிற்கிறது. மாலையில் காற்று வாங்க வருபவர்கள் அதன் நிழலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். 1754-ல் பதவி பறிபோய்க் கப்பலேறிய கவர்னர் அவர். தம் தேசத்திலேயே கடன்காரராக, மனம் ஒடிந்து 1763-ல் இறந்தார். அவருக்கு இங்கே சிலை வைத்தது 1870-ல்.

உயிரோடு இருந்தபோது மதிக்காத தேசம், நூறாண்டு கழித்துச் சிலை வைத்தது ஏன்? சாம்ராஜ்யம் கட்டுகிறவர்களுக்கு ஒரு முன்னோடி தேவைப்பட்டார். சிலை மட்டுமா? படங்களும் தேவைப்பட்டன. அவற்றுள் முக்கியமானவை உடன்படிக்கைப் படங்கள். வெள்ளைத் துரையும் நாட்டு மன்னரும் எதிரெதிரே நிற்பார்கள். நடுவே ஒரு காகிதம் கைமாறும். சுற்றிலும் பட்டாடை, குடை, யானை. எல்லார் முகத்திலும் சமாதானம்!

அந்தக் காகிதத்தில் இருந்தது என்ன? அதற்குப் பிறகு நடந்தது என்ன? படம் சொல்லாது. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொடுத்தவர் யார்? கொடுத்தது எது?

1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நாசர் ஜங் கொல்லப்பட்டார். அவருடைய மருமகன் முசாபர் ஜங் தக்காணத்தின் சுபேதாராகிப் புதுச்சேரிக்கு வந்தார். நகரில் பெரும் விழா எடுக்கப்பட்டது. டூப்ளே முகலாயப் பிரபுவைப் போல் உடை தரித்து வந்தார். கிருஷ்ணா நதிக்குத் தெற்கே குமரிமுனை வரையுள்ள நாட்டுக்கு அவரே அதிபதி என்று முசாபர் ஜங் அறிவித்தார்.

டூப்ளே சுபேதாரைச் சந்திக்கும் காட்சியைப் பிற்காலப் பிரெஞ்சு நூல்கள் படமாகப் போட்டு மகிழ்ந்தன. ஆனால் கொடுத்த பூமி கொடுத்தவர் கையிலேயே இல்லை. திருச்சியில் முகமது அலி கோட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். முசாபர் ஜங்கோ இரண்டு மாதத்துக்குள், 1751 பிப்ரவரியில், வழியில் நடந்த சண்டையில் மாண்டார்.

அந்த நிலத்தை உழுது வரி கட்டிய குடியானவனை யாரும் கேட்கவில்லை. ஆகவே படத்திலும் அவனுக்கு இடமில்லை.

சாப்பாட்டு மேஜை சிம்மாசனம் ஆயிற்று!

1765 ஆகஸ்டு 12. அலகாபாத். வங்காளம், பீகார், ஒரிசா மூன்று மாகாணங்களின் வரி வசூல் உரிமையை மன்னர் ஷா ஆலம், கிழக்கிந்தியக் கும்பினிக்கு அளித்தார். பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியர் இதைப் பெரிய சித்திரமாகத் தீட்டினார். உயர்ந்த விதானத்தின் கீழ் மன்னர் வீற்றிருக்கிறார். கிளைவ் பணிவுடன் சாசனத்தை வாங்குகிறார்.

நடந்தது வேறு. அன்று மன்னருக்குத் தலைநகரும் இல்லை, படையும் இல்லை. முந்தின ஆண்டு பக்சார் போரில் அவருடைய தரப்பு தோற்றிருந்தது. சடங்கு நடந்தது கிளைவின் கூடாரத்தில். சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்து, துணி போர்த்தி, அதையே சிம்மாசனம் என்றார்கள். மன்னருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் தருவதாகப் பேச்சு. சில ஆண்டுகளிலேயே கும்பினி அந்தப் பணத்தை நிறுத்திவிட்டது. 1770-ல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோதும் வரி வசூல் நிற்கவில்லை.

வெஸ்ட் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். லண்டனில் உள்ள படம் சுமார் 1818-ல், அதாவது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் முடிந்தது. மற்றொரு படம் கிளைவின் வாரிசுகள் வாழ்ந்த போவிஸ் கோட்டையில் இருக்கிறது. பரிசு பெற்றவர் வீட்டுச் சுவரில் பரிசுப் பத்திரம் தொங்குவதில் வியப்பு என்ன?

அமெரிக்காவிலும் அதே கதை

இதே வெஸ்ட் 1771-72-ல் தீட்டிய இன்னொரு படம் உலகப் புகழ் பெற்றது. வில்லியம் பென் என்ற ஆங்கிலேயர் 1682-ல் டெலவேர் நதிக்கரையில், ஒரு பெரிய மரத்தடியில், லெனாப்பே என்னும் பூர்வகுடி மக்களோடு நட்பு உடன்படிக்கை செய்துகொண்டார் என்பது கதை. அந்த உடன்படிக்கையின் எழுத்து மூலம் எதுவும் இன்று இல்லை. படத்தில் உள்ள உடைகளும் அந்தக் காலத்தவை அல்ல. அப்போது பென்னுக்கு வயது 38தான். படத்திலோ கனத்த சரீரமுள்ள முதியவராக நிற்கிறார்.

பென் நல்லவர் என்றே பெயர் எடுத்தவர். ஆனால் படம் வரையச் சொல்லிப் பணம் கொடுத்தவர் அவருடைய மகன் தாமஸ் பென். 1737-ல் ‘ஒன்றரை நாளில் ஒரு மனிதன் நடக்கும் தூரம்’ என்று ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி லெனாப்பே மக்களிடம் நிலம் கேட்டது அவருடைய தரப்புதான். பிறகு பாதையைத் திருத்தி, வேகமாக ஓடக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்து விட்டார்கள். பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பறிபோயிற்று. தகப்பனாரின் நேர்மையைக் காட்டும் படத்தை வரைவித்தவர், அந்த நேர்மையைக் குழி தோண்டிப் புதைத்த மகனே!

தமிழ்நாட்டுக்கும் அந்த மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1748-ல் ஐரோப்பாவில் எக்ஸ்-லா-ஷபேல் என்ற ஊரில் சமாதானம் ஆனது. சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பிற்று. வட அமெரிக்காவில் லூயிபூர்க் கோட்டை பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிற்று. சென்னை வாசிகளையும் கேட்கவில்லை; லூயிபூர்க் இருந்த மண்ணின் மிக்மாக் மக்களையும் கேட்கவில்லை. பண்டமாற்று நடந்து முடிந்தது.

நம்மவர் வைத்த சாட்சி

நம்மவரிடம் சாட்சியம் இல்லாமல் போகவில்லை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடி விஷயமாக டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பினார். அது இன்றும் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சமமானவர் சமமானவருக்கு எழுதிய ஓலை அது.

புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். யார் எவ்வளவு நஜர் கொடுத்தார்கள், எந்தக் கடிதத்துக்கு எந்தப் பதில் போயிற்று, சந்தையில் என்ன பேச்சு என்பதெல்லாம் அதில் உண்டு. படத்தில் காணாத பேரமும் அச்சமும் அதில் தெரிகின்றன. புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவரும் காலமானார்.

கீழூரை மறக்கலாமா?

இவ்வளவு உடன்படிக்கைகளுக்குப் பிறகு ஒரு நாள் வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இந்தியாவுடன் சேர 170 பேர் வாக்களித்தனர். எதிர்த்தவர் 8 பேர். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்டு 16-ல் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

புதுச்சேரியைக் கைமாற்றிய பத்திரங்கள் பல. 1697-ல் டச்சுக்காரரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கு. 1763-ல் ஆங்கிலேயரிடமிருந்து மீண்டும் பிரெஞ்சுக்காரருக்கு. ஊரார் சார்பில் ஒருவரையாவது வாய் திறந்து கேட்ட பிறகு கையெழுத்தானது கடைசிப் பத்திரம் ஒன்றுதான். ஆனால் அலகாபாத் தர்பாரை அறிந்த பிள்ளைகளில் எத்தனை பேர் கீழூர் வாக்கெடுப்பை அறிவார்கள்?

டூப்ளேயின் சிலையைப் பெயர்த்து எறிய வேண்டியதில்லை. பழைய படங்களைக் கிழிக்க வேண்டியதுமில்லை. பொய் சொல்லும் படமும் ஒரு சாட்சிதான். யார் பொய் சொன்னார், யாருக்காகச் சொன்னார் என்பதை அது காட்டிக் கொடுக்கும். பாடப் புத்தகத்தில் அத்தகைய படம் வந்தால் அதன் கீழே மூன்று கேள்விகளை அச்சிடுங்கள்: இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? எத்தனை ஆண்டு கழித்து வரைந்தார்கள்? இதில் இல்லாதவர் யார்?

பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அதே பயணத்தில் கீழூர் நினைவிடத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே யானை இல்லை, பட்டுக் குடை இல்லை. 178 மனிதர் ஒவ்வொருவராக வந்து தம் எண்ணத்தைச் சொல்லிவிட்டுப் போன இடம் அது. புதுச்சேரியின் சரித்திரத்தில் எழுத வேண்டிய சித்திரம் ஒன்று உண்டென்றால், அது அந்தக் காட்சியே!