பயணத்தில் ஏறும் வட்டி

விடுமுறைக்குக் குடும்பத்துடன் கோலாலம்பூர் செல்கிறீர்கள். கையிருப்புத் தீர்ந்ததும் கிரெடிட் கார்டைச் செருகி ரிங்கிட் எடுக்கிறீர்கள். கார்டில் பொருள் வாங்கினால், உரிய நாளுக்குள் முழுதும் செலுத்துவோருக்கு வட்டியில்லை. ரொக்கத்துக்கோ பெரும்பாலான வங்கிகள் எடுத்த நாள் முதலே வட்டி எழுதுகின்றன. ஊர் திரும்பியதும் அடைத்தாலும் அது ஏறியே இருக்கும். இதை அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்?

2000-இல் ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இவ்வாறு ரொக்கம் எடுப்பது கடனே என்றது. சேவைக்கான நிலையான கட்டணம் ஆகும். தொகைக்கும் காலத்துக்கும் ஏற்ப ஏறுவது ரிபா. வட்டி நிபந்தனையுள்ள கார்டை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணத்தோடு பயன்படுத்துவதையும் அது அனுமதிக்கவில்லை.

புறப்படுமுன் உங்கள் டெபிட் கார்டை வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி செய்துகொள்ளுங்கள். நாணயமாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள்தாம். ஆயினும் எடுப்பது உங்கள் பணம், கடனன்று.